திரும்பி வராத பாதி

பக்கத்து வீட்டுப் பெண் எட்டாம் வகுப்பு முடித்திருந்த கோடை விடுமுறையில், மிகாயேல் எண்டே எழுதிய 'தி நெவர்எண்டிங் ஸ்டோரி' நாவலை என் அலமாரியிலிருந்து கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். அதே பெயரில் வந்த படத்தைச் சற்று முன்புதான் பார்த்திருந்தாள். அந்த வெள்ளை டிராகன் கனவிலும் வருகிறது என்றாள். புத்தகம் சொன்ன நாளுக்கு முன்பே, அட்டை மடங்காமல், ஒரு கறையும் படாமல் திரும்பி வந்தது. உள்ளே அடையாளத்துக்காக ஒரு பேருந்துப் பயணச்சீட்டு வைக்கப்பட்டிருந்தது. அது பதின்மூன்றாம் அத்தியாயத்தின் முதல் பக்கத்தில் இருந்தது. நாவலில் மொத்தம் இருபத்தாறு அத்தியாயங்கள். மீதியைப் படிக்கவில்லையா என்று கேட்டேன். "கதைதான் முடிஞ்சிடுச்சே அத்தை. படமும் அங்கேதான் முடியுது. அதுக்கப்புறம் வேற என்னவோ வருது" என்றாள். அலுப்போ குறையோ அந்தக் குரலில் இல்லை. எழுதியவர் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்த பிறகும் ஏனோ நீட்டிக்கொண்டு போயிருக்கிறார் என்று அவள் மனமார நம்பினாள்.

அந்தப் பதில் அன்றிலிருந்து என்னை விடவில்லை. நல்ல புத்தகம் ஒன்றைப் பாதியில் வைத்துவிடுவது எல்லா வாசகருக்கும் உள்ள உரிமை. அதில் எனக்கு வருத்தமே கிடையாது. ஆனால் அவள் பாதியில் விட்டதாக நினைக்கவில்லை, முழுதாகப் படித்துவிட்டதாக நினைத்தாள். ஒரு நாவல் எங்கே முடிகிறது என்பதை அந்த நாவலுக்கு வெளியே இருந்த ஒரு படம் அவளுக்கு முன்கூட்டியே தீர்மானித்துக் கொடுத்திருந்தது. நாவலையும் படத்தையும் ஒப்பிடும்போது நாம் பொதுவாகப் பேசுவது வேறு விஷயங்களை. நாவலின் வீரச் சிறுவன் அட்ரெயு பச்சை நிறத் தோல் கொண்டவன், படத்தில் அப்படி இல்லை. நாவலின் டிராகனுக்கு முத்துப்போல மின்னும் செதில்கள், படத்தில் அது ரோமம் அடர்ந்த பெரிய நாயைப் போல இருக்கிறது. அட்ரெயுவின் கதையைப் புத்தகத்தில் படிக்கும் பாஸ்டியன் நாவலில் குண்டான, வெளிறிய, யாரும் விளையாட்டில் சேர்த்துக்கொள்ளாத பையன், படத்தில் வருபவன் அழகான ஒல்லிப் பையன். இந்த வகைப் பட்டியல்களை நானும் ஒரு காலத்தில் ஆர்வத்தோடு படித்ததுண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது அந்தப் பயணச்சீட்டு இருந்த இடம்தான்.

படம் நின்ற இடம்

ஜெர்மன் மொழியில் இந்த நாவல் 1979இல் வெளியானது. அச்சிலேயே இரண்டு உலகங்களைப் பிரித்துக் காட்டும் புத்தகம் அது. பள்ளியின் பரண் அறையில் ஒளிந்துகொண்டு படிக்கும் பாஸ்டியனின் பகுதிகள் சிவப்பு மையிலும், அவன் படிக்கும் ஃபன்டாஸ்டிகா உலகத்தின் பகுதிகள் பச்சை மையிலும் அச்சிடப்பட்டன. ஒவ்வோர் அத்தியாயமும் அகரவரிசையில் அடுத்தடுத்த எழுத்தில் தொடங்குகிறது. ஆக, பதின்மூன்றாம் அத்தியாயத்தில் நிறுத்துகிறவர் அந்த மொழியின் நெடுங்கணக்கில் சரிபாதியில் நிற்கிறார். வுல்ஃப்காங் பீட்டர்சன் இயக்கிய படம் 1984இல் வந்தது. அன்றைய ஜெர்மனியில் எடுக்கப்பட்ட படங்களில் மிக அதிகப் பொருட்செலவு கொண்டது. எண்டேவுக்கு அந்தப் படம் பிடிக்கவில்லை. தயாரிப்பை நிறுத்துங்கள் அல்லது தலைப்பையாவது மாற்றுங்கள் என்று கேட்டார், நீதிமன்றம் வரை போனார், வழக்கில் தோற்றார். அவருடைய நாவல் அவருக்குத் தெரிந்த வடிவத்தில் அவரிடம் திரும்பி வரவில்லை.

படத்தை முழுக்க ஒதுக்கித் தள்ளும் கூட்டத்தில் நான் இல்லை. துயரச் சதுப்பு நிலத்தில் அட்ரெயுவின் குதிரை ஆர்டாக்ஸ் மூழ்கும் காட்சியை நாவலைவிடப் படம் வலுவாகச் செய்திருக்கிறது என்றே சொல்வேன். நாவலில் ஆர்டாக்ஸ் பேசும் குதிரை. துயரம் தன்னை இழுப்பதை அது வார்த்தைகளால் சொல்கிறது, தன் முடிவைப் பார்க்காமல் போய்விடும்படி எஜமானனைக் கேட்டுக்கொள்கிறது. படத்தில் அது பேசாது. சேறு மார்பளவு ஏறிய பிறகும் அசையாமல் நிற்கிறது. சிறுவன் கடிவாளத்தைப் பிடித்து இழுக்கிறான், கெஞ்சுகிறான், கத்துகிறான். பதில் சொல்லாத ஒரு விலங்கின் முகத்தைக் கேமரா காட்டிக்கொண்டே இருக்கிறது. அதேபோல, பாறை தின்னும் பூதம் தன் பெரிய கைகளைப் பார்த்து, இவ்வளவு வலிமையான கைகளால் நண்பர்களைப் பிடித்து நிறுத்த முடியவில்லையே என்று தளர்ந்து உட்கார்ந்திருக்கும் காட்சி நாவலில் கிடையாது, படத்துக்காகவே எழுதப்பட்டது. அதைச் சிறு வயதில் பார்த்தவர்கள் யாரும் மறப்பதில்லை. ஆகவே படக்குழுவினருக்குத் திறமை போதவில்லை என்றோ நாவலின் மேல் அன்பு இல்லை என்றோ நான் சொல்ல மாட்டேன். எங்கே வெட்டினார்கள், வெட்டிய இடத்தில் எதை வைத்துத் தைத்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

அவர்கள் வைத்தது இதுதான். பாஸ்டியன், ஃபன்டாஸ்டிகாவை ஆளும் குழந்தைப் பேரரசிக்குப் புதுப் பெயர் சூட்டுகிறான். சூனியம் எனப்படும் வெறுமை விழுங்கிய அந்த உலகத்திலிருந்து எஞ்சிய ஒரே மணல் துகள் அவன் கையில் வருகிறது. அவன் ஆசைப்பட ஆசைப்பட எல்லாம் மீண்டும் உண்டாகின்றன. பிறகு அவன் டிராகனின் முதுகில் ஏறித் தன் சொந்த ஊரின் தெருக்களுக்குள் பறந்து வருகிறான். தன்னைத் துன்புறுத்திய பையன்களைத் துரத்தித் துரத்திக் குப்பைத் தொட்டிக்குள் குதிக்க வைக்கிறான். பாஸ்டியன் இன்னும் பல ஆசைகள் ஆசைப்பட்டான், பல சாகசங்கள் செய்தான், பிறகு சாதாரண உலகத்துக்குத் திரும்பினான், ஆனால் அது வேறொரு கதை என்று ஒரு குரல் சொல்கிறது, படம் முடிகிறது. 'அது வேறொரு கதை, வேறொரு சமயத்தில் சொல்லப்படும்' என்பது நாவலில் எண்டே மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் வரி. கிளைக் கதாபாத்திரம் ஒன்று வழியில் பிரிந்து போகும்போதெல்லாம் அந்த வரியோடு அதை அனுப்பி வைப்பார். படம் அதே வரியைக் கொண்டு நாவலின் பின்பாதி முழுவதையும் அனுப்பி வைத்துவிட்டது. ஒரு பதின்மூன்று வயதுப் பெண், மீதி எல்லாம் வேறொரு கதை என்று எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. அவளுக்கு அப்படித்தான் சொல்லப்பட்டிருந்தது.

க்மோர்க் சொன்னது

அந்தக் குப்பைத் தொட்டிக் காட்சியில் அரங்கமே கைதட்டும். எனக்கு ஏன் அது உடன்பாடாகவில்லை என்பது வெகுநாள் கழித்துத்தான், ஒன்பதாம் அத்தியாயத்தை மறுபடி படித்தபோது, விளங்கியது. பாழடைந்த ஊரொன்றில் சங்கிலியால் கட்டப்பட்டு, பட்டினியால் செத்துக்கொண்டிருக்கும் ஓநாய் மனிதன் க்மோர்க், அட்ரெயுவோடு பேசுகிற பகுதி அது. படத்திலும் இந்தச் சந்திப்பு உண்டு. மனிதர்கள் நம்பிக்கையை இழந்து கனவுகளை மறந்துவிட்டார்கள், அதனால் ஃபன்டாஸ்டிகா அழிகிறது, நம்பிக்கை இழந்தவர்களை ஆள்வது எளிது என்று படத்து ஓநாய் சொல்கிறது. சண்டை நடக்கிறது, ஓநாய் கொல்லப்படுகிறது. நாவலின் க்மோர்க் இன்னும் கசப்பான ஒன்றைச் சொல்கிறான். சூனியத்துக்குள் விழும் ஃபன்டாஸ்டிகாவின் உயிர்கள் இல்லாமல் போய்விடுவதில்லை. அவை மனிதர்களின் உலகத்துக்குள் வந்து சேர்கின்றன. ஆனால் அங்கே அவை தம் உருவத்தில் இருக்க முடியாது. பொய்களாகிவிடுகின்றன. மனிதர்களைத் தேவையில்லாததை வாங்க வைக்கவும், அறியாதவர்களை வெறுக்க வைக்கவும், போருக்கு அனுப்பவும் பயன்படும் பொய்கள். கற்பனையை இகழ்கிறவர்கள் தாங்களே அந்தப் பொய்களுக்கு இரையாகிறார்கள் என்பதுதான் அவன் சொல்வதன் சாரம்.

இதைப் படித்த பிறகு அந்தக் கடைசிக் காட்சியைப் பாருங்கள். ஃபன்டாஸ்டிகாவின் டிராகன் தன் உருவம் மாறாமல் மனிதர்களின் நகரத்துக்குள் பறக்கிறது, ஒரு சிறுவனின் பழிவாங்கும் ஆசைக்கு வாகனமாகிறது. எது நடக்கக் கூடாது என்று நாவல் ஓர் அத்தியாயம் முழுக்க எச்சரித்ததோ, அதையே படம் மகிழ்ச்சியான முடிவாகக் காட்டுகிறது. எண்டே வளர்ந்த சூழலை நினைத்தால் இதன் கனம் கூடுகிறது. அவர் 1929இல் பிறந்தவர். தந்தை எட்கர் எண்டே மீயதார்த்த ஓவியர். நாஜி ஆட்சி அந்த ஓவியங்களைச் சீரழிந்த கலை என்று முத்திரை குத்தி, அவர் ஓவியம் தீட்டவும் காட்சிப்படுத்தவும் தடை விதித்தது. கற்பனையை ஒடுக்கிய ஓர் அரசு பொய்களைக் கொண்டு என்னவெல்லாம் செய்தது என்பதைப் பிள்ளைப் பருவத்தில் வீட்டுக்குள்ளிருந்தே பார்த்த ஒருவர் எழுதிய வரிகள் அவை. க்மோர்க்கின் அந்தப் பேச்சை நான் மாயாஜாலக் கதையின் வசனமாக எடுத்துக்கொள்வதில்லை.

ஒவ்வோர் ஆசைக்கும் ஒரு நினைவு

பின்பாதியில் என்னதான் இருக்கிறது? பாஸ்டியனின் கழுத்தில் ஆரின் என்ற பதக்கம் தொங்குகிறது. ஒன்றன் வாலை ஒன்று கவ்விய இரண்டு பாம்புகள் முன்பக்கம்; விரும்பியதைச் செய் என்ற ஆணை பின்பக்கம். அவன் ஆசைப்படுவதெல்லாம் நடக்கிறது. அழகனாக, வலிமை மிக்கவனாக, அஞ்சாதவனாக, ஞானியாக மாறுகிறான். ஒவ்வோர் ஆசை நிறைவேறும்போதும் அவன் பழைய வாழ்க்கையிலிருந்து ஒரு நினைவு போய்விடுகிறது. அழகன் ஆனவுடன் தான் குண்டாக இருந்ததே மறந்துபோகிறது. மறந்ததே தெரியாததால் அவனுக்கு நஷ்டம் எதுவும் தெரிவதில்லை. இந்தப் பின்பாதியிலிருந்து சில துண்டுகளை எடுத்து 1990இல் இரண்டாவது படம் ஒன்று வந்தது. அதில் நினைவுகளைப் பறிப்பது சூனியக்காரி சய்டேயின் இயந்திரம். நாவலில் அப்படி ஓர் இயந்திரமும் இல்லை, பழி சுமத்த ஓர் ஆளும் இல்லை. பேரரசியின் அருட்சின்னமான அதே பதக்கம்தான் கொடுக்கவும் செய்கிறது, எடுக்கவும் செய்கிறது.

கடைசியில் அவன் தானே பேரரசனாக முடிசூட்டிக்கொள்ள முயல்கிறான், தடுக்க வந்த அட்ரெயுவை வாளால் காயப்படுத்துகிறான், துரத்திக்கொண்டு போய்ப் பழைய பேரரசர்களின் நகரத்தில் நுழைகிறான். நான் படித்த மாயப்புனைவுகளில் இவ்வளவு அச்சமூட்டும் இடம் வேறில்லை. அவனைப் போலவே மனித உலகத்திலிருந்து வந்து, ஆசைப்பட்டு ஆசைப்பட்டு நினைவுகள் எல்லாவற்றையும் செலவழித்துவிட்டவர்கள் அங்கே வாழ்கிறார்கள். நினைவு இல்லாதவர்களால் ஆசைப்படவும் முடியாது. ஆகவே அவர்களால் எங்கும் போக முடியாது. ஆர்காக்ஸ் என்ற குரங்கு அவர்களை மேய்க்கிறது. பக்கங்களில் எழுத்துகள் பொறித்த தாயக்கட்டைகளை அவர்களிடம் கொடுத்து உருட்டச் சொல்கிறது. விழும் எழுத்துகளைச் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் பொருளற்ற கூட்டம்தான் கிடைக்கும். ஆனாலும் நூறாயிரம் ஆண்டுகள் உருட்டினால் என்றாவது ஒரு கவிதை விழும், எல்லாக் கதைகளும் விழும் என்கிறது குரங்கு. கதை சொல்லும் திறனை இழந்தவர்களுக்கு அது கொடுத்திருக்கும் பொழுதுபோக்கு அந்த விளையாட்டு.

அங்கிருந்து தப்பித்த பாஸ்டியன் யோர் என்ற பார்வையற்ற சுரங்கத் தொழிலாளியிடம் வந்து சேர்கிறான். மனிதர்கள் மறந்துவிட்ட கனவுகள் எல்லாம் மெல்லிய தகடுகளாகப் பூமிக்கடியில் அடுக்கடுக்காகப் படிந்திருக்கின்றன. வாய்திறந்து பேசினால்கூட நொறுங்கிவிடும் தகடுகள். பனி மூடிய சமவெளியில் அவற்றைப் பரப்பி வைத்திருக்கிறார்கள். இருட்டில் கைகளால் தடவித் தடவி, நாள்கணக்கில் தோண்டி, பாஸ்டியன் ஒரு தகட்டை எடுத்து வருகிறான். வெள்ளை மேலங்கி அணிந்த ஒருவர், கையில் பல்வரிசையின் சாந்து வார்ப்பு ஒன்றைப் பிடித்துக்கொண்டு, பனிக்கட்டிக்குள் உறைந்தவரைப் போல நிற்கிறார். முகத்தில் அடக்கிய துயரம். அது பல் தொழில்நுட்பராக வேலை செய்யும் அவன் தந்தை. மனைவி இறந்த பிறகு மகனோடு பேசுவதையே நிறுத்திவிட்டவர். அவர் யார் என்று பாஸ்டியனுக்குத் தெரியாது. ஆனாலும் அந்த முகத்தின் மேல் ஏக்கம் உண்டாகிறது. அந்த ஏக்கத்துக்கு விலையாக அவனிடம் மிச்சமிருந்த கடைசி நினைவு, தன் பெயர், போய்விடுகிறது. மனித உலகத்துக்குத் திரும்பும் வழியான உயிர்நீர் ஊற்றின் வாசலில் அவன் பெயர் கேட்கப்படும்போது அவனால் சொல்ல முடியவில்லை. அவன் வாளால் குத்திய அட்ரெயுதான் அவனுக்காக அந்தப் பெயரைச் சொல்கிறான். இங்கே தொடங்கிய கதைகளை எல்லாம் முடித்துவிட்டானா என்று உயிர்நீர் கேட்கும்போது, அவற்றை நான் முடித்து வைக்கிறேன் என்று பொறுப்பேற்பவனும் அட்ரெயுதான்.

இதற்கெல்லாம் பிறகே நாவல் அதன் முதல் காட்சிக்குக் கணக்குத் தீர்க்கிறது. முதல் பக்கங்களில் பாஸ்டியன் கொரியாண்டர் என்ற கிழவரின் பழைய புத்தகக் கடைக்குள் மழையில் நனைந்து ஓடி வருகிறான். அவர் தொலைபேசி எடுக்க உள்ளே போன நேரத்தில், செம்பு நிறப் பட்டுத்துணி அட்டை போட்ட அந்தப் புத்தகத்தைத் திருடிவிடுகிறான். படத்திலும் எடுக்கிறான், ஆனால் புத்தகத்தைத் திருப்பித் தந்துவிடுவேன் என்று ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போகிறான். பார்ப்பதற்கு மிகச் சிறிய மாற்றம். திருட்டு இரவலாகிவிடுகிறது, பையன் நல்ல பையனாகவே இருந்துவிடுகிறான். அதன் பிறகு அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தானா இல்லையா என்று படம் ஒரு நொடிகூடக் காட்டுவதில்லை. நாவலின் பாஸ்டியனோ சீட்டு எதுவும் வைக்கவில்லை. நான் திருடன், இனி வீட்டுக்குப் போக முடியாது என்ற எண்ணத்தோடுதான் பரண் அறையில் ஏறி உட்கார்கிறான். திரும்பி வந்ததும் அவன் செய்யும் முக்கியமான காரியம், அந்தக் கடைக்குப் போய் உண்மையைச் சொல்வது. தந்தை தானே போய்ப் பேசிவிட்டு வருவதாகச் சொல்கிறார். வேண்டாம், நானே போக வேண்டும் என்கிறான். உங்கள் புத்தகத்தைத் திருடினேன், இப்போது அது என்னிடம் இல்லை, தொலைந்துவிட்டது என்று கொரியாண்டரிடம் சொல்கிறான். தன் கடையில் எந்தப் புத்தகமும் காணாமல் போகவில்லை என்கிறார் அவர். அவன் நடந்ததையெல்லாம் சொல்லச் சொல்ல, அவரும் ஒரு காலத்தில் அங்கே போய் வந்தவர் என்பது தெரியவருகிறது. அந்தப் புத்தகம் இந்நேரம் வேறு யாராவது ஒருவர் கையில் இருக்கலாம் என்றும், அப்படிப்பட்ட புத்தகங்கள் வேறும் உண்டு, எல்லாம் அது யார் கைக்குப் போகிறது என்பதைப் பொறுத்தது என்றும் சொல்கிறார். குழந்தைகளையே பிடிக்காத அந்தக் கிழவரும் பையனும் அதன்பின் நண்பர்களாகிறார்கள்.

புத்தகம் இரவல் கொடுப்பவர்கள் எல்லோரும் படிக்க வேண்டிய உரையாடல் அது. கொடுத்தவர்களுக்குத் தெரியும்: பொருளாகப் புத்தகம் திரும்பி வருவதில் பாதி நிறைவுதான் உண்டு. படித்தவர் திரும்பி வந்து எதிரில் உட்கார்ந்து பேசும்போதுதான் அந்த இரவல் தீர்கிறது. புத்தகத்தையே தொலைத்துவிட்டு வந்து, ஆனால் விடியவிடியப் பேசிவிட்டுப் போன நண்பர்களும் எனக்கு உண்டு. அவர்களிடம் இன்னும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

காலிப் புத்தக அலமாரி

வீடு திரும்புதலை வெட்டிவிடுவது இந்த ஒரு படத்தின் பழக்கம் மட்டும் என்று சொல்ல முடியாது. டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலின் மூன்றாம் பகுதி 1955இல் வந்தது. தீய மோதிரம் அழிந்து, போர் முடிந்து, ஹாபிட்டுகள் என்ற குள்ள மனிதர்கள் நால்வர் ஊர் திரும்பும்போது அங்கே மரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டிருக்கின்றன, ஆலைப் புகை சூழ்ந்திருக்கிறது, அடியாட்கள் ஆள்கிறார்கள், பழைய எதிரி சாருமான் வேறு பெயரில் உட்கார்ந்திருக்கிறான். ஊரை மீட்க அவர்கள் மறுபடி போராட வேண்டியிருக்கிறது. இந்த அத்தியாயம் கதைக்கு இன்றியமையாதது, தொடக்கத்திலிருந்தே திட்டமிட்டது என்று டோல்கீனே இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் எழுதினார். பீட்டர் ஜாக்சன் 2003இல் எடுத்த படத்தில் அது இல்லை. ஊர் அவர்கள் விட்டுப் போனது போலவே பசுமையாக இருக்கிறது. மதுக்கடையில் மற்றவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, நால்வர் மட்டும் பேச்சற்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். அந்தப் பார்வை அருமையான பார்வைதான். ஆனால் படத்தில் மாறியவர்கள் போனவர்கள் மட்டும். நாவலில் இருந்த ஊரும் மாறியிருக்கிறது, போய்க் கற்றதை அங்கே செலவிட வேண்டியிருக்கிறது.

அதே நாவலின் முதல் அத்தியாயத்தில் இரவல்காரர்களுக்கென்றே டோல்கீன் எழுதிய ஒரு வரியும் படத்தில் இடம்பெறவில்லை. பில்போ என்ற முதிய ஹாபிட் ஊரைவிட்டுப் போகுமுன் உறவினர்களுக்கு ஒவ்வொரு பரிசாகப் பெயர் எழுதி வைக்கிறான். ஹ்யூகோ பிரேஸ்கிர்டில் என்பவருக்குக் கிடைப்பது ஒரு காலிப் புத்தக அலமாரி. புத்தகங்களை இரவல் வாங்குவதில் வல்லவர் அவர், திருப்பித் தருவதில் மகா மோசம். அவருடைய சேகரிப்புக்கு, நன்கொடையாளர் ஒருவரிடமிருந்து என்று பில்போ அதில் குறித்திருக்கிறான். மோதிரத்தின் பெரும் போரை எழுத உட்கார்ந்தவர் இந்த ஊர்க் கணக்கையும் மறக்காமல் எழுதினார் என்பதால்தான், கடைசியில் அந்த ஊர் பாழாகும்போது நமக்கு வலிக்கிறது.

படங்கள் ஏன் வீடு திரும்புதலை விரும்புவதில்லை என்று யோசித்திருக்கிறேன். நேரம் போதாது என்பது உண்மையான காரணம்தான். எண்டேவின் முன்பாதியே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. ஆனால் அதைவிடப் பெரிய தடை நாயகனின் முகம். போகும்போது அவன் நம்மில் ஒருவன். நாம் அவன் பக்கம். ஆசைகள் நிறைவேறத் தொடங்கிய பிறகு பாஸ்டியன் பார்க்கச் சகிக்காதவனாகிறான். நண்பனைச் சந்தேகிக்கிறான், புகழ்ச்சிக்கு மயங்குகிறான், தன் கருணையை மெச்சிக்கொள்ள வேண்டியே ஒரு கூட்டம் உயிர்களின் உருவத்தை மாற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறான். நாவலில் இதை நாம் தனிமையில், நம் வேகத்தில், வேண்டுமானால் மூடி வைத்துவிட்டு மறுநாள் படிக்கலாம். அரங்கில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்திடம் அந்தப் பொறுமையைக் கேட்கப் படத்தயாரிப்பாளர்கள் அஞ்சுகிறார்கள்.

இதை அந்தப் பெண்ணிடமிருந்தே தெரிந்துகொண்டேன். அடுத்த விடுமுறையில் புத்தகத்தை மறுபடி அவளிடம் கொடுத்தேன். பின்பாதியைப் பற்றி எதுவும் விளக்கவில்லை. பழைய பேரரசர்களின் நகரம் வரும் அத்தியாயத்தை மட்டும் படித்துக் காட்டினேன். தாயக்கட்டை உருட்டுகிறவர்கள் யார், எப்படி அங்கே வந்தார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் எடுத்துப் போனாள். திரும்பி வந்தபோது அவளுக்குக் கோபம். "அவனை எனக்குப் பிடிக்கவே இல்லை. அட்ரெயுவை வெட்டுனவனுக்கு எதுக்கு அட்ரெயு உதவி பண்ணணும்?" என்று கேட்டாள். டிராகனைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அன்று மாலை வெகுநேரம் வாதாடினோம். அட்ரெயு செய்தது சரி என்று நான் சொன்னதை அவள் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. கொரியாண்டருக்குப் பாஸ்டியன் கிடைத்ததைப் போல எனக்கு அவள் கிடைத்திருக்கிறாள் என்றுதான் நினைக்கிறேன்.

எண்டே 1995இல் காலமானார். 2024 மார்ச் மாதத்தில், இந்த நாவலை மறுபடி படமாக்கப் போவதாக, அதுவும் ஒன்றுக்கு மேற்பட்ட படங்களாக, சீ-சா ஃபிலிம்ஸ் நிறுவனமும் மிகாயேல் எண்டே புரொடக்ஷன்ஸும் அறிவித்தன. செய்தியைப் படித்ததும் முதலில் எனக்கு வந்தது மகிழ்ச்சிதான். பல படங்கள் என்றால் பின்பாதிக்கு இடம் இருக்கிறது. டிராகனுக்குச் செதில் வைத்தாலும் ரோமம் வைத்தாலும் எனக்கு ஒன்றே. பாஸ்டியனைக் குண்டான பையனாகவே காட்டட்டும், அவனைச் சில காலம் நாம் வெறுக்கவும் விடட்டும். யோரின் சுரங்கத்தில் இசை இல்லாமல், வசனம் இல்லாமல், கைகள் தகடுகளைத் தடவும் ஓசையோடு ஒரு நீண்ட காட்சி வேண்டும். கடையில் நடக்கும் அந்தக் கடைசி உரையாடலுக்குப் பத்து நிமிடம் ஒதுக்க மனம் வந்தால், பேருந்துச் சீட்டைப் பாதியில் வைக்கும் பிள்ளைகளுக்கு நாவலின் மீதிப் பக்கங்கள் இனி வேறொரு கதையாகத் தெரியாது. முதல் காட்சியில் அவன் சீட்டு எதுவும் எழுதி வைக்காமல் திருடிக்கொண்டு ஓட வேண்டும் என்பது மட்டும் அதற்கு முன்னிபந்தனை.